ஜெட்டில் கைவைக்கமுன்

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்கள் பலவும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து எழுப்புவோம். இன்றும் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் எயர் பில்டரைத் தட்டிப் பாருங்கள். கிரவல் புழுதி அடைத்தால் காற்றுக் குறைந்து, கலவையில் பெற்றோல் கூடிவிடும்.

பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். கரிக்கறுப்பு என்றால் பெற்றோல் கூட. வெளிறிப்போய் இருந்தால் குறைவு. கடும் தேத்தண்ணி நிறம்தான் சரி. பெற்றோலைக் குறைக்க காபரேட்டர் ஊசியின் கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றுங்கள், ஒரு தடவைக்கு ஒரு வெட்டு மட்டும். எஞ்சின் சூடானபின் எயர் ஸ்குரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகி, வேகம் கூடி நிதானமாக நிற்கும் இடத்தில் விடுங்கள்.

காபரேட்டர் ஜெட் அடைத்திருந்தால் அதன் ஓட்டைக்குள் இரும்புக் கம்பி விடவே வேண்டாம், காற்றடித்தாலே போதும். ஓட்டை பெருத்தால் புது ஜெட்தான்.