நடுங்கும் கைகள்

நுழையும்முன்
முதுமை ஒரு நோயன்று. ஆயினும், முதுமை என்னும் பெயரால் கண்டறியப்படாமலே போகும் நோய்கள் உள. அவற்றுள் ஒன்றைப் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

சேலம் மாநகரின் செவ்வாய்ப்பேட்டை, வணிகத்திற்கும் வெள்ளிக் கொலுசுத் தொழிலுக்கும் பெயர்பெற்றது. கொலுசின் நுண்ணிய வளையங்களைப் பற்றவைக்க நடுங்காத விரல்கள் வேண்டும். அத்தகைய பட்டறையொன்றில் நாற்பது ஆண்டுகள் உழைத்த முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மடிமீது ஓய்ந்திருக்கும் அவரது வலக்கை மெல்ல நடுங்குகிறது. சட்டைப் பொத்தானை மாட்ட நெடுநேரம் ஆகிறது. கணக்கேட்டில் எழுத்துகள் வரவரச் சிறுக்கின்றன. நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குகிறது. வீட்டார் இதனை 'மூப்பு' என்பர். மருத்துவரோ, பார்க்கின்சன் நோயாக இருக்குமோ என ஆராய்வார்.

நோயும் காரணமும்
இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817ஆம் ஆண்டு ஆறு பேரின் நிலையை விவரித்து எழுதிய கட்டுரையே இந்நோயைத் தெளிவுற உணர்த்தியது. மூளையில் 'டோபமின்' என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அதனால் உடலியக்கம் மந்தமாகிறது, தசைகள் இறுகுகின்றன, பலருக்குக் கை நடுங்குகிறது. நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வரலாம். நடுக்கமெல்லாம் இந்நோயும் அன்று.

எத்தனை பேருக்கு?
அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரை இந்நோய் பற்றுகிறது. வயது ஏற ஏற விகிதமும் ஏறுகிறது. 2019இல் உலகில் 85 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மும்பையில் பார்சி மக்களிடையே வீடுவீடாக நடத்தப்பட்டு 1988இல் வெளியான ஆய்வு, இலட்சத்திற்கு 328 பேர் எனக் காட்டியது. அச்சமூகத்தில் முதியோர் மிகுதியாக இருந்தது அதற்கு ஒரு காரணம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 75 இலட்சம் பேர். நூற்றுக்கு ஒருவர் என்னும் கணக்கு இங்கும் பொருந்துமாயின், அவர்களுள் 75 ஆயிரம் பேர் இந்நோய்க்கு ஆளாகியிருப்பர். ஆயுள் நீளுந்தோறும் இவ்வெண்ணிக்கையும் பெருகும்.

தெரிந்து தெளிவோம்
இந்நோய்க்குரிய தலையாய மருந்து 'லெவோடோபா'. பூனைக்காலி விதையில் இப்பொருள் இருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமோதரன், இராமசாமி ஆகியோர் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டனர். எனினும், மருத்துவரின் அறிவுரையின்றி அவ்விதையை உண்ணலாகாது.

நம் கடமை
இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மருந்தும் உடற்பயிற்சியும் இயக்கத்தை எளிதாக்கிப் பல்லாண்டுகள் மதிப்புடன் வாழத் துணைபுரியும். 'வயதாகிவிட்டது' என்னும் ஒரு சொல் அவ்வாழ்வைப் பறித்துவிடக் கூடாது. தாத்தா தேநீர்க் குவளையைத் தவறவிட்டால் சினவாமல், அவர் கையை உற்று நோக்குவோம்; நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

கற்பவை கற்றபின்
உம் வீட்டு முதியோரின் கையெழுத்தையும் நடையையும் உற்றுநோக்கி, அண்மையில் நேர்ந்த மாற்றங்களை அவர்களுடன் உரையாடி எழுதுக.