புலியைவிடத் துறுதுறுப்பான கூட்டம்

பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருக்கிறேன். உயிரியல் பூங்காவுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குப் போக ஆசை. புலி, பாம்பையெல்லாம் கையாள வேண்டியிருக்குமோ? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திண்டிவனம்

புலிக்கூண்டுக்குள் உங்களை யாரும் அனுப்ப மாட்டார்கள். அது பராமரிப்பாளர் பாடு. உங்கள் பொறுப்பு அதைவிடத் துறுதுறுப்பானது: பஸ்ஸிலிருந்து குதித்திறங்கும் நாற்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்குப் போய், முதலைகளுக்கு எதிரே அரை மணி நேரம் நில்லுங்கள். "இது பொம்மையா?" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். பக்கத்திலிருப்பவன் அதைச் சோதித்துப் பார்க்கக் கல் தேடுவான். உங்கள் வேலை அந்த நொடியில்தான் இருக்கிறது. 'குளிர்குருதிப் பிராணி' என்று ஆரம்பித்தால் கூட்டம் ஐஸ்கிரீம் பக்கம் நகர்ந்துவிடும். "நாம சோறு சாப்பிட்டு உடம்பைச் சூடா வச்சுக்கறோம். அது வெயில் காஞ்சே சூடேத்திக்குது. அதான் அசையாம கிடக்கு. வாயைத் திறந்திருக்கே, அது கொட்டாவி இல்ல, தலை ரொம்பச் சூடாகாம இருக்க" என்று சொல்லிப் பாருங்கள். கல் கீழே விழும்.

முதலில் தன்னார்வலராகச் சேரப் பாருங்கள். வண்டலூர் பூங்காவில் கேட்டுப் பாருங்கள் (செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், விடுமுறை). மேலே படிப்பதானால் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. வேலைக்கான விண்ணப்பத்தோடு, நீங்கள் பிள்ளைகளிடம் பேசும் இரண்டு நிமிட வீடியோவையும் இணையுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் முதலில் பார்ப்பேன், நான் தேர்வுசெய்பவனாக இருந்தால்.