எத்தனை நாளைக்கு ஒருக்கா நிறை பார்க்கணும்?

உடம்பைக் குறைக்கத் தொடங்கும் தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை. "தாத்தா, எத்தனை நாளைக்கு ஒருக்கா நிறை பார்க்கணும்?" என்றுதான். பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒருக்கா, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில். குறைகிறதா இல்லையா என்ற தீர்ப்பு நாலு வாரம் போன பிறகுதான். நாளாந்தம் பார்ப்பதும் தப்பில்லை, ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, கீழே சொல்கிறேன். காலையும் மாலையும் ஏறி ஏறி இறங்குவதும் கூடாது, பயத்தில் ஸ்கேலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மாதக்கணக்கில் தொடாமல் இருப்பதும் கூடாது.

எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமை காலையைத்தான் நான் சொல்வேன். சுபஹ் தொழுதுவிட்டு, பாத்ரூம் போய் வந்து, ப்ளேன்டீ குடிக்க முன். அக்குறணையில் கலியாணமும் வலீமாவும் விருந்தும் பெரும்பாலும் சனி ஞாயிறில்தான் வரும். திங்கட்கிழமை காலை ஏறினால் அந்த விருந்தின் உப்பும் சோறும் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறோம். வெள்ளியாகும்போது அது வடிந்திருக்கும்.

இந்தத் தண்ணீர்க் கதையை நன்றாக விளங்கிக்கொள்ள வேணும். நிறை பார்க்கும் விஷயத்தில் பாதிக் கண்ணீர் இதனால்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வலீமா. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். யார் எவ்வளவு எடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது, பிறகு வட்டிலப்பம். அடுத்த நாள் ஸ்கேல் ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டுகிறது. அது கொழுப்பாக இருக்க முடியுமா? கணக்குப் பாருங்க. ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், உடம்புக்குத் தேவையானதைவிட மேலதிகமாகப் பதினோராயிரத்துக்கும் கூடிய கலோரி உள்ளே போயிருக்க வேணும். சாதாரணமாக ஒரு பெண் ஐந்து நாளைக்குச் சாப்பிடுவதைவிடக் கூட அது. எந்தச் சஹனிலும் அவ்வளவு சாப்பிட முடியாது.

கூடியது தண்ணீர். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோற்றிலும் இனிப்பிலும் இருக்கும் மாச்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு தண்ணீரும் சேர்ந்து தங்கும். குடலில் இன்னும் வெளியேறாத சாப்பாடும் இருக்கிறது. வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் எல்லாம் இறங்கிவிடும். கெடுதல் எங்கே வருகிறதென்றால், அந்த நம்பரைக் கண்டு பயந்து திங்கட்கிழமை காலையும் பகலும் பட்டினி கிடந்து, அஸருக்குப் பிறகு கை நடுங்கும் பசியில் இரண்டு ரோல்ஸும் ஒரு கொத்து ரொட்டியும் சாப்பிடுவதில். விருந்து செய்யாத சேதத்தை ஸ்கேல் செய்துவிடும்.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கும். "பத்து நாளில் இத்தனை கிலோ" என்று பவுடர் விற்கிறவர்கள் காட்டும் போட்டோக்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். அதை நம்பிக் காசைக் கொட்டாதீங்க. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம், உண்மையான வேகம்.

பீரியட் வர முந்திய நாட்களில் ஒன்று, இரண்டு கிலோகூட ஏறி நிற்கலாம். அதனால்தான் நாலு வாரம் என்று சொன்னேன். பீரியட் முடிந்த வாரத்து நிறையை, போன மாதம் அதே வாரத்தில் இருந்த நிறையோடு மட்டும் ஒப்பிடுங்க. புதிதாக நடக்கத் தொடங்கியவர்களுக்கும் இதே மாதிரி வரும். நம் ஊர் மேடுகளைத் தெரியும்தானே? ஆறாம் கட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, த்ரீவீல் பிடிக்காமல் மேட்டு வீட்டுக்கு நடந்து ஏறினால் முதல் வாரம் கால் தசை நோகும். நோகும் தசையும் தண்ணீர் பிடிக்கும். நடந்தும் நிறை கூடியதே என்று நடையை விட்டுவிடாதீங்க.

இனி ஸ்கேல். தட்டையான, உறுதியான தரையில் வைங்க. டைல்ஸ், சீமெந்து இரண்டும் சரி, பாய்க்கும் கார்பெட்டுக்கும் மேல் வேண்டாம். இடத்தை மாற்றாதீங்க. விலை குறைந்த டிஜிட்டல் ஸ்கேல் சிலவற்றில் ஒரு வேலை இருக்கிறது: முன்பு காட்டிய நம்பரை நினைவில் வைத்து, வித்தியாசம் சிறிதாக இருந்தால் பழையதையே திருப்பிக் காட்டும். நாமும் "பாருங்க, எவ்வளவு சரியாகக் காட்டுது" என்று நினைத்துவிடுவோம். சோதிக்க லேசான வழி, ஐந்து கிலோ அரிசிப் பேக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஒருக்கா ஏறுங்க, பிறகு அது இல்லாமல் ஏறுங்க. வித்தியாசம் ஐந்து கிலோ வர வேணும். இந்தச் சோதனையைச் செய்துவிட்டு நிறுத்தால் அந்தப் பழைய நம்பரும் அழிந்துவிடும். இன்னொன்று, பாமசியில் அபாயாவோடும் சப்பாத்தோடும் நின்று பார்த்த நிறையை வீட்டு நிறையோடு ஒப்பிடாதீங்க. எந்த ஸ்கேலில் தொடங்கினீங்களோ அதிலேயே கடைசி வரை பாருங்க.

நாளாந்தம் பார்க்க விருப்பமென்றால்? பாருங்க. குறைத்த நிறையைத் திரும்ப ஏறவிடாமல் காத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்து வருகிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு தடவையாவது நிறை பார்க்கிறவர்கள். நாளாந்தம் பார்த்தவர்கள் கூடக் குறைத்ததாகக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. காரணம் லேசு: காலையில் நம்பரைப் பார்த்தவளுக்குப் பகல் சாப்பாட்டில் கை கொஞ்சம் அடங்கும். ஆனால் நாளாந்தம் பார்க்கிறவர்கள் ஏழு நாள் நிறையையும் கூட்டி ஏழால் பிரித்து, அந்தச் சராசரியை மட்டும் எழுத வேணும். ஒரு நாள் நம்பருக்கு மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

பிள்ளை பெற்றவர்களுக்கு இது தெரிந்த வேலை. மிட்வைஃப் தந்த பிள்ளையின் கார்ட்டை எடுத்துப் பாருங்க, மகளுக்கு ரோஸ், மகனுக்கு நீலம். ஒவ்வொரு மாதமும் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுத்திருப்பார். ஒரு மாதம் காய்ச்சலால் புள்ளி கொஞ்சம் கீழே போனாலும், கோடு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் அவர் பார்ப்பார். உங்களுக்கும் ஒரு கட்டக் கொப்பியில் அதே மாதிரிச் செய்யுங்க. கீழே வாரங்கள், பக்கத்தில் கிலோ. விருந்து, பீரியட், காய்ச்சல் வந்த வாரத்தில் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதிவிடுங்க. மூன்று மாதம் போனால் உங்கள் உடம்பின் பழக்கம் உங்களுக்கே விளங்கும்.

அதே கொப்பியில் மாதம் ஒருக்கா இடுப்பளவும் எழுதுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, தையல் டேப்பால். நம் பக்கத்துப் பெண்களுக்கு 80 சென்டிமீற்றர் எல்லை, ஆண்களுக்கு 90. நிறை அசையாத மாதத்தில்கூட இந்த அளவு குறைந்திருந்தால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள். பி.எம்.ஐ. பார்க்கிறவர்களும் கவனியுங்க, ஆசியர்களுக்கு 23இலிருந்தே ஆபத்துக் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 25 வரை பயமில்லை என்று இருந்துவிட வேண்டாம்.

கலியாணம் பேசியிருக்கும் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேணும். அமெரிக்காவின் மினசோட்டாவில் இளவயதினரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நிறை பார்ப்பது கூடக் கூடச் சில பெண்களுக்குத் தன்மேல் இருந்த மதிப்புக் குறைந்து மனச்சோர்வு கூடியதைக் கண்டார்கள். ஸ்கேலில் இருந்து இறங்கிய பிறகு நாள் முழுக்க மனம் கெட்டுப்போகிறதா, சாப்பிட்டதை வாந்தியெடுக்கத் தோன்றுகிறதா, அப்படியென்றால் நிறை பார்ப்பதை உடனே நிறுத்துங்க. உம்மாவிடமோ டொக்டரிடமோ சொல்லுங்க. அதில் வெட்கமில்லை. மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள், விருந்துக்கு வந்த பிள்ளையைக் கண்டதும் "மகள் கொழுத்துட்டீங்களே" என்று சபையில் சொல்லாதீங்க. அந்தச் சொல் எந்த ஸ்கேலையும்விட அதிகம் கெடுக்கும்.

ரமழானில் என்ன செய்வது என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். அதே வெள்ளிக்கிழமை, ஆனால் ஸஹருக்கு எழும்பியதும் சாப்பிட முன். அஸருக்குப் பிறகு ஏறினால் உடம்பு தண்ணீர் வற்றி இருக்கும், நிறை குறைந்தது போல் ஏமாற்றும். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ரமழான் நோன்பைப் பற்றிய 70 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அந்த மாதத்தில் நிறை கொஞ்சம் குறைகிறது, ஆனால் முடிந்து இரண்டிலிருந்து ஐந்து வாரத்துக்குள் பழைய இடத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆகவே நோன்பு மாதத்தைவிடப் பெருநாளுக்குப் பிந்திய ஐந்து வாரம்தான் கொப்பியில் எழுத முக்கியமான காலம். ஷவ்வால் ஆறு நோன்பும் அந்த நாட்களிலேயே வருகிறது. நோன்பு திறக்கும்போது கஞ்சி ஒரு கோப்பை, பேரீச்சம்பழம், பழம் என்று தொடங்கி, சமோசாவையும் கட்லட்டையும் ஒன்றோடு நிறுத்தும் பழக்கத்தைப் பெருநாளுக்குப் பிறகும் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்க.

வீட்டில் ஸ்கேல் இல்லையென்றால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 35 வயதைத் தொட்டவர்கள் சுவநாரி கிளினிக்குக்குப் போங்க, 1996 முதல் நாட்டில் நடக்கிறது. நிறை, உயரம், பிரஷர் பார்ப்பார்கள், மார்பகமும் கர்ப்பப்பைக் கழுத்தும் சோதிப்பார்கள், காசு இல்லை. எந்த நாளில் என்று உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டால் சொல்வார்.

சிலருக்கு நான் சொன்ன கணக்கு பொருந்தாது. கர்ப்பமாக இருப்பவர்கள் நிறை குறைக்க முயலவே கூடாது, கிளினிக்கில் பார்க்கும் நிறை போதும். இருதயப் பலவீனத்துக்கு மருந்து எடுக்கிறவர்களை டொக்டர் நாளாந்தம் நிறுக்கச் சொல்லியிருந்தால் கட்டாயம் நிறுக்கணும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கினால், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. முயற்சி ஒன்றும் செய்யாமலே ஆறு மாதத்தில் 70 கிலோ ஆள் மூன்றரைக் கிலோ குறைந்தால் அதுவும் சந்தோஷப்படும் விஷயமில்லை. சீனி வருத்தமோ தைரொயிட்டோ வேறேதுமோ என்று பார்க்க வேணும். ஏற்கெனவே சீனிக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்க முதலே டொக்டரிடம் சொல்லுங்க. நிறை குறையக் குறைய மருந்தின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம், அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கட்டக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்க.