மர்ஹூம் பெயருக்கு வரும் கடிதங்கள்

 

ஒரு வீட்டில் மௌத்து நேர்ந்துவிட்டால் குளிப்பாட்டவும், கபனிடவும், தொழுகை நடத்தவும், அடக்கம் செய்யவும் நம்மவர்கள் நன்கு அறிவார்கள். அழைக்காமலே ஓடிவந்து தோள் கொடுப்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் வந்தவர்கள் கலைந்து சென்ற பிறகு அந்த வீட்டின் தபால் பெட்டியில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எவரும் பாடம் சொல்வதில்லை. ஆகவே இம்முறை அதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நண்பர் ஒருவரின் தகப்பனார் மௌத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குச் சென்றிருந்தேன். நண்பரின் தாயார் இத்தாவில் இருந்தார். பேரப்பிள்ளை அன்றாடம் கீழ்த்தளத்துக்குச் சென்று தபால் பெட்டியைத் திறந்து, வந்தவற்றையெல்லாம் பாட்டியிடம் கொடுப்பது வழக்கமாம். அந்த அம்மையார் அவற்றைப் பிரிக்காமலே ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். ஏன் என்று மகன் கேட்டதற்கு, "உங்க வாப்பா பேரு எழுதி வந்திருக்கே, அதை எப்படித் தூக்கிப் போடுறது?" என்றார்.

நண்பர் டின்னைக் கவிழ்த்தார். துணிக்கடை ஒன்று பிறந்த நாள் வாழ்த்துச் சொல்லித் தள்ளுபடிச் சீட்டு அனுப்பியிருந்தது. காது கேட்கும் கருவிக்கு ஒரு விளம்பரம். அறுபது வயது கடந்தவர்களுக்கான ஆயுள் காப்பு என்று மற்றொன்று. இவற்றின் அடியில், தவணையில் வாங்கிய கட்டிலுக்கு 180 வெள்ளி பாக்கி என்று ஒரு கடை இரண்டாம் முறையாக எழுதிய நினைவூட்டல் கிடந்தது.

நண்பரின் முகம் வாடிவிட்டது. காரணம் யாதெனில், அடக்கத்தன்று சுவா சூ காங் மையவாடியில் அவர்தாம் எழுந்து நின்று, "என் வாப்பா யாருக்கேனும் கடன் பட்டிருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் கொடுக்கிறேன்" என்று சபையறியச் சொன்னவர். கடன்காரர் கேட்டுத்தான் இருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வி பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. விளம்பரக் காகிதங்கள் துக்க வீட்டைத் தொல்லைப்படுத்துவதை நிறுத்த வேண்டும். நிறுத்தும் அவசரத்தில் மையித்தின் ஹக்கு தொடர்பான காகிதத்தை எறிந்துவிடவும் கூடாது.

கடனின் பாரம்

வாரிசுகளின் பங்குகளைக் கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 11-ஆம் வசனம், வஸிய்யத்தும் கடனும் போகவே பங்கு என்று விதிக்கிறது. கடன் வைத்து இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்ததும் நாம் பயான்களில் பலமுறை கேட்டவை. சிங்கப்பூர்ச் சட்டப்படியும் இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்தே முதலில் அடைக்கப்படும். ஜாமீன் நில்லாத பிள்ளையின் சொந்தப் பணத்தைக் கடன்காரர் கேட்க முடியாது. ஆயினும் வாப்பாவின் பொறுப்பைத் தீர்க்க எந்தப் பிள்ளைதான் விரும்பாது?

மூன்று கட்டுகள்

வரும் தபாலை வீட்டில் பொறுப்பான ஒருவர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து மூன்று கட்டுகளாகப் பிரிக்க வேண்டும். இத்தா இருக்கும் தாயிடம் அந்த வேலையை விடாதீர்கள். தபால் பெட்டியின் சாவியை மூத்த மகனோ மகளோ வாங்கிக்கொள்வது நலம்.

முதல் கட்டு, அமானிதம். வங்கி, மத்திய சேமநிதி, வீடமைப்புக் கழகம், வருமான வரி, காப்புறுதி, மருத்துவமனை, தவணைக் கடை ஆகியவற்றின் கடிதங்கள் இதில் சேரும். இவற்றைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். ஷரீஆ நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் பெற்று, சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்துக்குக் குடும்ப நீதிமன்றத்தை நாடும்போது, என்னென்ன சொத்து, என்னென்ன கடன் என்று காட்ட இவையே உதவும்.

இரண்டாம் கட்டு, முடித்துவைக்க வேண்டிய கணக்குகள். தொலைபேசி, பத்திரிகைச் சந்தா, சங்கச் சந்தா, மாதந்தோறும் வங்கியிலிருந்து பிடிக்கப்படும் நன்கொடை முதலியன. இவற்றுக்குச் சொல்லாவிட்டால் பில் ஏறிக்கொண்டே போகும். அதுவும் ஒரு கடனாகிவிடும்.

மூன்றாம் கட்டு, வெறும் விளம்பரம். நிறுத்த வேண்டியது இதைத்தான்.

எந்தக் கட்டில் சேர்ப்பதென்று சந்தேகம் வந்தால் முதல் கட்டிலேயே வையுங்கள். முன்பின் கேள்விப்படாத கம்பெனி "உங்கள் தகப்பனார் எங்களுக்குப் பணம் தர வேண்டும்" என்று எழுதினால், ஒப்பந்தப் பத்திரத்தையும் கணக்கையும் காட்டச் சொல்லி எழுதுங்கள். ஆதாரம் வருமுன் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மரண அறிவித்தலைப் பார்த்து ஏய்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள்.

நிறுத்தும் முறை

முதலில் மரணச் சான்றிதழ். சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டு மே 29 முதல், மருத்துவர் மரணத்தை உறுதிப்படுத்தியதும் அது தானாகவே பதிவாகிவிடுகிறது. சான்றிதழை 30 நாட்களுக்குள் 'மை லெகசி' தளத்திலிருந்து இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும். துக்கத்தில் இது மறந்துபோகக் கூடியது. ஆகவே ஜனாஸாவுக்கு உதவ வரும் இளைஞர் ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.

விளம்பரக் கம்பெனிகளுக்கு அந்தச் சான்றிதழை அனுப்ப வேண்டியதில்லை. பெயர், விலாசம், மௌத்தான தேதி ஆகியவை போதும். 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, சட்டம் கோரும் சந்தர்ப்பங்கள் போன்றவை தவிர, அடையாளக் கார்டு எண்ணைக் கம்பெனிகள் கேட்டு வாங்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. வங்கிக்கும் காப்புறுதிக்கும் மட்டும் சான்றிதழைக் காட்டுங்கள்.

அடுத்து, நம்மவர்க்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒரே விதமாக எழுதப்படுவதில்லை. ஒருவரே ஒரு கடையில் சாகுல் ஹமீது, மற்றொன்றில் ஷாஹுல் ஹமீத், வேறொன்றில் சாவுல் அமீது. தகப்பனார் பெயருக்கு முன் ஓரிடத்தில் 'பின்', ஓரிடத்தில் 'சன் ஆஃப்', ஓரிடத்தில் வெறும் தலைப்பெழுத்து. கம்பெனியின் யந்திரத்துக்கு இவர்களெல்லாம் வெவ்வேறு மனிதர்கள்! ஒரு பெயரை நீக்கினால் மற்றது நின்றுவிடும். ஆகவே உறையின்மீது அச்சிட்டுள்ள பெயரையும் விலாசத்தையும் எழுத்துப் பிசகாமல் எடுத்தெழுதுங்கள். வாடிக்கையாளர் எண் இருந்தால் அதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் இவ்வளவு சுருக்கமாக இருக்கலாம்:

"ஐயா, மேற்கண்ட பெயரும் விலாசமும் உடைய என் தகப்பனார் இன்ன தேதியில் காலமாகிவிட்டார். அவர் பெயரைத் தங்கள் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் நீக்குமாறும், வேறு எவருக்கும் கொடுக்காதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இப்பெயரை வேறொரு கம்பெனியிடமிருந்து பெற்றிருந்தால் அதன் பெயரைத் தெரிவிக்கவும். நீக்கியதற்கு எழுத்து மூலம் பதில் தரவும்."

இதனை ஆங்கிலத்தில் எழுதி, அனுப்பிய தேதியைக் குறித்து நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து பெயர் வந்தது என்ற கேள்வி முக்கியமானது. ஒரே பட்டியல் பல கை மாறுவதால், ஊற்றை அடைத்தால்தான் வாய்க்கால் வற்றும். விளம்பரங்களை முன்கூட்டியே அச்சிட்டு விலாசம் ஒட்டி வைப்பதும் உண்டு; ஆகையால் நீக்கிய பிறகும் சில வாரங்கள் ஒன்றிரண்டு வரலாம். அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தொடர்ந்து வந்தால் முதல் கடிதத்தின் நகலுடன் மறுபடியும் எழுதுங்கள்.

கடிதம் எழுத இயலாதவர்கள், பிரிக்காத உறையில் விலாசத்தைக் கோடிட்டு, 'டிசீஸ்ட், ரிட்டர்ன் டு செண்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதி அஞ்சல் பெட்டியில் போடலாம். அனுப்பியவர் விலாசம் உறையில் இருந்தால்தான் இது பயன்படும். பெயரில்லாமல் வரும் துண்டுப் பிரசுரங்கள் எந்தப் பட்டியலிலிருந்தும் வருவனவல்ல. அவற்றைக் குப்பையில் போடுவதே வழி.

சட்டம் சொல்வது

2014 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள 'அழைக்காதீர்' பதிவேடு தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் ஆகியவற்றுக்கு மட்டுமே. தபாலை அது தடுக்காது. ஆனால் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இறந்து பத்து ஆண்டுகள் வரை அவருடைய விவரங்களைப் பாதுகாப்பதிலும் வெளியிடுவதிலும் கம்பெனிகளுக்குக் கடமை விதிக்கிறது. மேற்கண்ட கடிதத்தில் "எவருக்கும் கொடுக்காதீர்" என்ற வாசகம் அதனால்தான்.

ஜோகூர் கடலிணைப்புக்கு அப்பால் உறவினர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லும் உரிமையை உயிரோடிருப்பவருக்குத் தந்திருக்கிறது. ஆனால் 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் இறந்தவரை அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே அங்கே பணிவாகக் கேட்டுப் பெறுவதே முறை.

நிற்க. அந்த நண்பர் மறுநாளே கடைக்குச் சென்று 180 வெள்ளியைக் கட்டி ரசீது பெற்றார். பிறகு தாயாரிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு காகிதத்தையும் வாசித்துக் காட்டினார். பிறந்த நாள் வாழ்த்தைக் கேட்டதும் அந்த அம்மையார், "இவங்களுக்கு உங்க வாப்பாவைத் தெரியவே தெரியாதா?" என்றார். "தெரியாது உம்மா, யந்திரம் எழுதுறது" என்றார் மகன். "அப்படின்னா எடுத்துப் போடு" என்று டின்னை அவரே நீட்டினார். ரசீதை மட்டும் வாங்கித் தம் குர்ஆன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு டின் இருக்கலாம். இவ்வாரமே திறந்து பாருங்கள். நம் மர்ஹூம்களின் கடன்களை நிறைவேற்றவும், அவர்களுக்காகத் துஆச் செய்யவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.