காற்றிலிருந்து குடிநீர்: இயந்திரம் வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

காற்றிலுள்ள ஈரத்தைக் குடிநீராக்கித் தரும் இயந்திரத்தை ஊராட்சி நிதியில் வாங்கலாமா என்று தலைவர்கள் சிலர் இப்பொழுது வினவுகின்றனர். வினா நியாயமானதே. 2019 டிசம்பரில் செகந்திராபாத் ரயில் நிலையத்தில் இத்தகைய இயந்திரம் ஒன்று நிறுவப்பட்டது; பின்னர் மும்பை ரயில் நிலையங்கள் சிலவற்றிற்கும் இவை வந்தன. கிணறெல்லாம் உப்பாகிவிட்ட கடற்கரைக் கிராமத்தார் இச்செய்தியைக் கேட்டு ஆவல் கொள்வது இயல்பு. ஆயினும் பொதுப்பணத்தில் ஒரு பெருந்தொகையைச் செலவிடுமுன், இயந்திரம் செய்யும் வேலை யாது, அது நம் ஊரில் எவ்வளவு நீர் தரும் என்பவற்றைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். கணக்கும் கடினமானதன்று, ஊர்ப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவனே போட்டுவிடுவான்.

குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாக அரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். செம்பு ஒழுகுவதில்லை, சுற்றியுள்ள காற்றின் ஈரமே அங்கு நீராகப் படிகிறது. இயந்திரத்தில் நிகழ்வதும் இதுவே. விசிறி ஒன்று காற்றை இழுத்து, வடிகட்டி வழியாகக் குளிர்ந்த உலோகச் சுருளின்மீது செலுத்துகிறது. அங்கு படியும் நீர் தொட்டியில் சேர்ந்து, மேலும் வடிகட்டப்பெற்று, புற ஊதா ஒளியால் கிருமி நீக்கப்பெற்று வெளிவருகிறது. சுருளைக் குளிர்விப்பது, நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உள்ளது போன்ற கம்ப்ரஸரே. ஈரத்தை உறிஞ்சும் உப்பையோ சிலிக்கா ஜெல்லையோ கொண்டு இயங்கும் வேறொரு வகையும் உண்டு. அது வறண்ட காற்றிலும் ஓரளவு பயன்படும். உறிஞ்சிய நீரைப் பிரிக்க வெப்பம் கொடுக்கவேண்டும்.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. அதனை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராம் அளவே காற்றில் தங்கும். எஞ்சிய 15 கிராம் நீராகும். 36 டிகிரி வெப்பமும் 37 சதவீத ஈரப்பதமும் உள்ள உள்நாட்டுக் கோடைக்காற்றை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள நீராவியே 15 கிராம்தான். கிடைக்கும் நீர் 6 கிராம். அதாவது பாதிக்கும் குறைவு. அத்துடன், சுடுகாற்றைக் குளிர்விப்பதிலேயே கம்ப்ரஸரின் உழைப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. விளம்பரத் தாளில் "நாளொன்றுக்கு 500 லிட்டர்" என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அந்த 30 டிகிரி, 80 சதவீத நிலைமைக்கு உரிய அளவாகும். அந்த எண்ணை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவது ஊரை ஏமாற்றுவதாக முடியும்.

ஆகையால் முதல் வேலை, நம் ஊர்க் காற்றை அளப்பது. இதற்கு இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிவைக்க வேண்டும். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிட்டால், உலர்ந்தது 30, ஈரமானது 27 என்று காட்டும்போது ஈரப்பதம் 79 சதவீதம் அளவு. உலர்ந்தது 36, ஈரமானது 24 எனில் 37 சதவீதம் அளவு. பள்ளி ஆசிரியரிடம் இப்பணியை ஒப்படைத்து, ஏப்ரல், மே மாதங்களில் காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் குறித்துவைக்கச் சொல்லலாம். மாணவர்க்கும் அது நல்ல பாடம். விடியற்காலையில் ஈரப்பதம் மிகுந்தும் பிற்பகலில் குறைந்தும் இருப்பதை அவ்வேடு காட்டும். இயந்திரத்தை இரவில் ஓட்டுவதே லாபம் என்பது இதனால் விளங்கும். சூரிய ஒளி மின்சாரத்தில் ஓட்டலாமே என்பாருக்கு இங்குதான் சிக்கல்: வெயிலுள்ள வேளையில் ஈரம் குறைவு, ஈரமுள்ள வேளையில் வெயில் இல்லை.

மின்செலவை அடுத்துப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கம்ப்ரஸர் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வல்லது. இதனால் குறைந்த அளவாகக் கால் யூனிட் ஆகிறது. காற்றைக் குளிர்விப்பது, விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்தால் அரை யூனிட் என்று வைத்துக்கொள்வது நியாயம். வறண்ட நாளில் இன்னும் கூடும்.

150 பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றைக் கருதுவோம். தலைக்கு 2 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 300 லிட்டர் வேண்டும். மின்சாரம் 150 யூனிட். 200 பள்ளி நாட்களுக்கு 30,000 யூனிட். கடல்நீரையே எதிர்ச் சவ்வூடு முறையில் நன்னீராக்க, பெரிய ஆலைகளில் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகிறது. உவர்ப்புக் கிணற்று நீருக்கு அதனினும் குறைவு. ஆகவே கிணற்றில் உவர்நீரேனும் இருக்கும் ஊரில், காற்றைப் பிழிவது வீண்செலவு என்பதே என் கருத்து. சவ்வூடு முறையில் மிஞ்சும் உப்புநீரை வயலில் விடாது அகற்ற வழி செய்யவேண்டும், அது தனிக்கதை.

மழையையும் மறக்கலாகாது. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில், 100 சதுர மீட்டர்க் கூரையில் 80,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர் சேரும். மேற்சொன்ன பள்ளிக்கு ஆண்டு முழுதும் வேண்டியது 60,000 லிட்டரே! ஆனால் மழை சில மாதங்களிலேயே பெய்துவிடுவதால் பெரிய, மூடிய தொட்டி வேண்டும். முதல் மழைநீரை வெளியே விட்டுவிட வேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயமாயினும், கூரைநீரைப் பெரும்பாலும் நிலத்துள்ளேயே விடுகிறோம்; பருகுவதற்கெனத் தேக்குவோர் சிலரே.

அவ்வாறாயின் இயந்திரம் எங்கும் வேண்டாவோ? வேண்டும் இடமும் உண்டு. குழாய் எட்டாது, லாரித் தண்ணீரையே நம்பி, தொட்டி கட்டவும் இடமின்றி இருக்கும் கடலோரக் குடியிருப்பில், சுகாதார நிலையத்திற்கோ அங்கன்வாடிக்கோ பருகுவதற்கு மட்டும் சிறிது நீர் வேண்டுமெனில் அது கைகொடுக்கும். கடற்காற்று பிற்பகலிலும் ஈரத்தைக் கொண்டுவருவதால் அங்கு விளைவும் நன்று. அதனைக்கொண்டு ஊருக்கே நீர் வழங்க எண்ணுதல் தகாது. ஜல் ஜீவன் திட்டம் தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வகுத்துள்ளது. 500 லிட்டர் இயந்திரம் முழு அளவு தந்தாலும் ஒன்பது பேருக்கே காணும்.

வாங்கத் தீர்மானித்தால், ஒப்பந்தப்புள்ளியில் இரண்டு எண்களை விற்பனையாளர் எழுதித் தரவேண்டும்: பள்ளி ஏட்டில் கண்ட மிக வறண்ட வாரத்தின் வெப்ப, ஈரப்பத நிலையில் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், லிட்டருக்கு எத்தனை யூனிட். தனி மின்மீட்டரும் நீர்மீட்டரும் பொருத்தி, அடுத்த கோடையில் அவ்வெண்களைச் சரிபார்த்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுப்பதென நிபந்தனை விதிக்கலாம். காற்றிலிருந்து வரும் நீரில் தாதுக்கள் இரா; அவற்றைச் சேர்க்கும் அமைப்பு உண்டா என்பதையும், சுருளின் உலோகம் நீரில் கலவாதவாறு பூச்சு உண்டா என்பதையும் கேட்கவேண்டும். தேங்கிய தொட்டியில் கிருமி வளரும். ஆகவே காற்று வடிகட்டியைக் கழுவுபவர் யார், புற ஊதா விளக்கை மாற்றும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே பெயர் குறித்து எழுதிவிட வேண்டும். நீரின் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில், இந்தியத் தர நிர்ணயம் 10500இன்படி, இயந்திரம் நிறுவியவுடனும் பின்னர் மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.