ஆயில் என்ஜினில் டைமிங் மாறி மாறிக் காட்டினால்...

தேவாரம், போடிநாயக்கனூர் வட்டாரத்தில் மின் இணைப்பு இல்லாத கிணறுகளுக்கும், மலைச்சரிவு ஏலத்தோட்டங்களின் கோடைப் பாசனத்துக்கும் ஆயில் என்ஜின் கை கொடுக்கிறது. என்ஜின் புகைந்தாலோ, இடித்தாலோ டைமிங்கை, அதாவது டீசல் பீச்சத் தொடங்கும் நேரத்தைத் திருத்துவது வழக்கம். ஆனால் பார்க்கும்போதெல்லாம் டைமிங் வெவ்வேறாக வந்தால், உடனே திருத்தக்கூடாது. அது ஏன் மாறுகிறது என்று முதலில் கண்டறிய வேண்டும்.

பார்க்கும் முறை: பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயைக் கழற்றி, டீசல் லீவரை ஓடும் நிலையில் வைக்கவும். கம்ப்ரஷனை விடுவித்து, பிளைவீலை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றவும். பம்பின் வாயில் நிற்கும் டீசல் மேலெழத் தொடங்கும் இடமே டைமிங். அசையாத ஒரு குறிக்கு நேராகப் பிளைவீலில் சாக்பீஸால் கோடு போடவும். இவ்வாறு மூன்று முறை செய்யவும். 60 செ.மீ. விட்டமுள்ள பிளைவீலின் விளிம்பில் 1 டிகிரி என்பது சுமார் 5 மி.மீ. மூன்று கோடுகளும் அதற்குள் அடங்கினால் அளவை நம்பலாம்.

அடங்காவிட்டால் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

1. சுற்றும் விதம்: இடத்தைத் தாண்டிவிட்டால் சக்கரத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்துச் சரிசெய்யக் கூடாது. பற்சக்கரங்களின் இடைவெளி அளவைக் கெடுத்துவிடும். கால் சுற்று பின்னே சென்று, மீண்டும் முன்னோக்கியே வரவேண்டும்.

2. காற்று: டீசலில் குமிழிகள் தெரிந்தால் காற்று புகுந்துள்ளது. டாங்கில் டீசல் குறைந்தாலும், பில்டர் வாஷர் கெட்டாலும் இப்படி நேரும். குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றவும்.

3. டெலிவரி வால்வு: சக்கரம் அசையாமல் நிற்கும்போதே டீசல் மேலே வழிந்தால் வால்வில் தூசியோ தேய்மானமோ உள்ளது. வயலில் வைத்துப் பம்பைப் பிரிக்கக் கூடாது. தூசியில்லாத பட்டறையில் பிரிப்பதே நல்லது.

4. தளர்ச்சி: டேப்பட் நட்டு, ரோலர், பற்சக்கரம் ஆகியவற்றில் ஆட்டம் உண்டா என்று பார்க்கவும். பிளைவீலின் சாவி தளர்ந்திருந்தால் ஓட்டுவது ஆபத்து. உடனே நிறுத்திவிட வேண்டும்.

அளவு நிலைத்த பிறகே கம்பெனி குறித்த இடத்தோடு ஒப்பிட வேண்டும். பம்புக்கடியில் தகடு வைக்கும் என்ஜின்களில், தகட்டைச் சேர்த்தால் டைமிங் பிந்தும், எடுத்தால் முந்தும்.

நாசில் பீச்சும்போது கையை எதிரே நீட்டக் கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

நிலைக்காத அளவை நம்பித் தகடு மாற்றினால் கூலியும் டீசலும் வீண். வாடும் பயிருக்குத் தண்ணீரும் தவறிவிடும். மூன்று கோடும் ஒன்றுசேர்ந்த பிறகு ஸ்பானரை எடுப்பதே சிக்கனம்.