கயாக் கையால் ஓடுவதில்லை

கயாக் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது முறுக்கேறிய புஜம். கை வலுத்தால் படகு தானே ஓடும் என்று நம்பி, ஜிம்மில் டம்பெல்லோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு.

கைத்தசை சிறியது, சீக்கிரம் சோர்ந்துவிடும். படகைத் தள்ளும் விசை காலில் பிறக்கிறது. வலப்பக்கம் துடுப்பு போடும்போது வலது பாதம் உள்ளே இருக்கும் கட்டையை அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தில் இடுப்பும் முதுகும் திரும்பும். கையின் வேலை அந்த விசையைத் துடுப்பில் சேர்ப்பதுதான். துடுப்பின் அகன்ற முனை பாதத்தருகே முழுதாக நீரில் இறங்கி, இடுப்புக்கு நேரே வந்ததும் வெளியேற வேண்டும். அதற்குப் பின்னும் இழுத்தால் நீரைத்தான் தூக்குகிறோம், படகின் முகமும் திரும்பிவிடும். லைஃப் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கவனியுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் அது இடமும் வலமுமாகத் திரும்பினால் உடல் உழைக்கிறது. நேராகவே நின்றால் கை மட்டும் மாய்கிறது.

கால் இயங்காதவர் என்ன செய்வார்? குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ் இடுப்புக்குக் கீழே இயக்கக் குறைபாடு உள்ளவர். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் கயாக்கில் தங்கம் வென்றார். காலின் துணை குறையக் குறைய உடற்பகுதியின் வேலை கூடும் என்பதற்கு அவரைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்களுக்கு இப்படி உடலைத் திருப்புவதுதான் சிக்கல். தொடையின் பின்தசை இறுகிப்போனவர் காலை நீட்டி உட்கார்ந்தால் முதுகு கூன் போடும். கூன் விழுந்த முதுகு திரும்பாது. ஆகவே முதல் பயிற்சி வீட்டுத் தரையில். காலை நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கம்பை மார்புக்கு முன்னே பிடித்து, இடுப்பிலிருந்து மெல்லத் திரும்பிப் பழகுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும்.

மாதம் ஒரு நாள் முட்டுக்காடு போய் நான்கு மணி நேரம் துடுப்பு போட்டால் தினப் பயிற்சிக்கு ஈடாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. ஆகாது. களைத்த பிறகு வரும் வீச்சுகள் எல்லாம் தவறான வீச்சுகள், உடல் அவற்றைத்தான் மனப்பாடம் செய்யும். மிதமான கயாக்கிங் சும்மா இருப்பதைப்போல சுமார் 5 மடங்கு ஆற்றலைக் கேட்கும் நல்ல உழைப்புதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிட மிதமான உழைப்பு வாரக்கணக்கு, மாதக்கணக்கு அல்ல. தண்ணீர் தூரமாக இருக்கிற நமக்கு நடையும் ஸ்குவாட்டும் பிளாங்க்கும்தான் இடையில் கைகொடுக்கும்.

மிக ஆபத்தான நம்பிக்கை ஒன்று இருக்கிறது: பாலாற்றில் வெள்ளம் வந்தால் அதுவே நம் ஊர்க் கயாக் களம் என்பது. 2021 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் இதை விளையாட்டாகச் சொல்ல மாட்டார்கள். தடுப்பணையைத் தாண்டி விழும் நீர் அடியில் சுருண்டு மறுபடி அணையை நோக்கியே திரும்புகிறது. மேலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும் அந்தச் சுழல், படகையும் ஆளையும் விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவரும், கைதேர்ந்தவரும் அதில் இறந்திருக்கிறார்கள். ஆற்றின் நீர் எப்படிப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. டேனரிக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது, 2025 ஜனவரியில் மறுபடியும் கண்டிக்க நேர்ந்தது. கண்ணிலும் கீறலிலும் படவேண்டிய நீர் அல்ல அது.

நீச்சல் தெரிந்தால் ஜாக்கெட் வேண்டாம் என்பவருக்கு ஒரு வரி போதும்: தலையில் அடிபட்டவருக்கு நீச்சல் மறந்துபோகும்.

முட்டுக்காட்டிலோ கோவளத்திலோ முதல் வகுப்புக்குப் போனால், வேகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். இடுப்பளவு நீரில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, படகைக் கவிழ்த்து வெளியே வரக் கற்றுத் தரச் சொல்லுங்கள். கவிழ்வதற்கு அஞ்சுகிறவரின் உடல் இறுகியே இருக்கும், இறுகிய உடலில் அந்த ஜிப் திரும்பவே திரும்பாது.